பழுது பார்த்தல் அறமா?

தேங்காய் திருவும் சிறு பொறியொன்று யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் இடம்பிடித்துச் சில காலமாகிவிட்டது. அதனை மேசைமீது வைத்து, அடியிலுள்ள றப்பர்க் கிண்ணத்தை ஒரு நெம்பினால் அழுத்திப் பிடிக்கச் செய்தபின், ஒரு கையால் தேங்காய்ப் பாதியைப் பற்றிக்கொண்டு மறு கையால் கைபிடியைச் சுற்றினாற் பூ விழும். சுழலும் அலகு துருப்பிடியா உருக்கினாலானது, தண்டு இரும்பு. நெம்பு மட்டும் பிளாஸ்ரிக். பெருவிரலளவான அத்துண்டு, குறுக்காணி கோத்த துளையைச் சுற்றி ஒருநாட் பிளந்துவிடுகின்றது. பிளந்ததும் கிண்ணம் மேசையைப் பற்றுவதில்லை. பொறி தேங்காயோடு சேர்ந்து தானும் சுழல்கின்றது. அலகிலே ஒரு பல்லேனும் மழுங்கவில்லை, தண்டிலே ஒரு கீறலேனும் இல்லை. ஆயினும் அன்று புட்டுக்குத் தேங்காய்ப்பூ இல்லை.

இனி அதனை எறிவதா, செப்பனிடுவதா? பெரும்பாலான வீடுகளில் இவ்வினா வரவு செலவுக் கணக்காகவே தீர்க்கப்படுகின்றது. புதியது என்ன விலை, பழையதைத் திருத்துவதற்கு எவ்வளவு நேரம் போகும் என்பதற்கு மேல் எவரும் சிந்திப்பதில்லை. இத்துணைச் சிறிய செய்தியை ஒழுக்கவியலின் முன் நிறுத்துவது மிகையென்றே பலருக்குத் தோன்றும். ஆயின் ஒரு செயல் எவ்வளவு சிறியதாயினும், அதன் வழியே ஒருவர் இன்னொருவருக்குக் கடன்படுவாராயின் அது ஒழுக்கவியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. நெம்பு உடைந்த அவ்வேளையில் யார், யாருக்கு, என்ன கடன்பட்டிருக்கின்றார் என்பதே இங்கு ஆராயப்படுவது.

பழைய திருவலையை முதலில் நோக்குதல் வேண்டும். பலகையும் அலகுமாகிய இரண்டே உறுப்புகள். அலகு மழுங்கினால் அரத்தினால் அராவுவர். ஆட்டங்கண்டால் ஓர் ஆப்பு அடிப்பர். பலகை உளுத்துப்போனால் தச்சனிடம் வேறு பலகை வாங்கி அதே அலகைப் பொருத்துவர். மண்வெட்டிக்குப் பிடி மாற்றுவதும் அம்மியைக் கொத்துவிப்பதும் இவ்வகையினவே. இக்கருவிகளிற் பழுது என்பது எதிர்பாராது நேர்ந்த விபத்தன்று. செய்தவன் செய்யும்போதே இது தேயும், இது தளரும், இவ்விடத்தில் மாற்றவேண்டி வரும் என்பதை உணர்ந்து, திருத்துவதற்கு வழிவைத்தே செய்தான். பயன்படுத்துவோரும் அதனை அறிந்திருந்தனர். கருவியின் உருவத்திலேயே அதன் வைத்தியமும் எழுதப்பட்டிருந்தது எனலாம்.

பிளாஸ்ரிக் நெம்பின் தன்மை வேறு. அது அச்சிலே வார்க்கப்பட்டு ஒரே துண்டாக வெளிவருவது. அதனுள் ஆப்புக்கு இடமில்லை, மாற்றுக்கு வழியில்லை. அந்த ஒரு துண்டு கடையிலே தனியாக விற்கப்படுவதும் அரிது. ஆகவே பொறியின் ஆயுள் அதன் வலிய உறுப்பாகிய அலகினால் அன்றி, மெலிய உறுப்பாகிய நெம்பினாலேயே அளக்கப்படுகின்றது. மெலிய உறுப்பு இருப்பதே தவறு என்பதற்கில்லை. மின்சுற்றிலே உருகி இருப்பது, மிகை மின்னோட்டத்தில் அது அழிந்து ஏனையவற்றைக் காப்பதற்காகவே. மாவரைக்கும் மின்பொறியில் மோட்டாரையும் கிண்ணத்தையும் இணைக்கும் மெல்லிய இணைப்பும், கிண்ணம் இறுகி நின்றுவிடும்போது தான் தேய்ந்து மோட்டாரைக் காக்கின்றது. அதனை இரும்பாக மாற்றிவிட்டு வெற்றி கொண்டாடும் கெட்டிக்காரர் அடுத்த மாதம் மோட்டாரைச் சுற்றுவிக்கக் கொடுக்கின்றார். ஆனால் அங்கெல்லாம் பலியாகும் உறுப்பு மாற்றத்தக்கதாக வைக்கப்பட்டுள்ளது. திருவும் பொறியின் நெம்போ எதனையும் காப்பதற்காக உடைவதில்லை. அது உடைந்தால் முழுவதும் போய்விடுகின்றது.

சைவசித்தாந்தம் பயில்வோர் குடத்தை முன்வைத்து மூவகைக் காரணங்களை விளக்குவர். மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இவ்வரிசையிற் பழுது பார்ப்பவனுக்கு எங்கே இடம்? அவன் குடத்தை ஆக்கவில்லை. ஆயினும் இல்லாமற்போகவிருந்த ஒன்று அவன் முயற்சியினால் உளதாய்த் தொடர்கின்றது. ஆக்கல், அழித்தல் என்பவற்றுக்கிடையே காத்தல் என்னும் தொழிலையும் தனியே எண்ணிய மரபு அது என்பதை இங்கே நினைவுகூரலாம். இன்னொன்றும் உண்டு. உள்ளது தோன்றும், இல்லது தோன்றாது எனக் கொள்ளும் சற்காரியவாதத்தின்படி உடைந்த குடம் அழிந்தொழிவதில்லை; தன் காரணமாகிய மண்ணில் ஒடுங்குகின்றது. மட்குடம் இக்கொள்கைக்கு மிக இசைந்த உவமை. உடைந்த பிளாஸ்ரிக்குக்கு ஒடுங்கும் இடம் எது? கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் எறியப்பட்ட நெம்பு அடுத்த தலைமுறையினர் மண் கொத்தும்போதும் நெம்பாகவே அகப்படும். வெயிலிலே தூளாகினும் அது பிளாஸ்ரிக்கின் தூளேயன்றி மண்ணாவதில்லை. உள்ளது அழியாது என்னும் கோட்பாட்டுக்கு இத்தகைய சான்று கிடைக்கும் என்று பண்டைய ஆசிரியர் எண்ணியிருக்கமாட்டார்கள்.

ஜேர்மானிய மெய்யியலாளர் ஹைடெக்கர் 1927 இல் வெளியிட்ட தமது பெருநூலிற் சுத்தியலை எடுத்துக்காட்டி ஒரு கருத்தைக் கூறியுள்ளார். செவ்வனே பயன்படும் கருவி கண்ணிற் படுவதில்லை. கை வேலையிலேயே தோய்ந்திருக்கும். கருவி பழுதாகும்போதுதான் அது ஒரு பொருளாக நம்முன் துருத்திக்கொண்டு நிற்கின்றது. அதனோடு அது பிணைந்திருந்த உலகமும் வெளிப்படுகின்றது. நெம்பு உடைந்த அடுக்களையில் இது முற்றும் பொருந்தும். எனினும் ஹைடெக்கரின் தச்சுப்பட்டறையிற் காணப்படாத ஒன்று இங்குண்டு. வெளிப்படும் உலகம் எல்லோருக்கும் ஒன்றாக வெளிப்படுவதில்லை. விடியற்காலையில் இடியப்பத்துக்குச் சொதி வைக்க வேண்டிய பெண்ணுக்கு அப்பழுது உடனே தெரிகின்றது. விறாந்தையிலிருந்து பத்திரிகை படிக்கும் கணவனுக்குச் சம்பல் வரவில்லை என்னும்போதுதான் தெரிகின்றது. ஆயினும் 'அதை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவம்' என்றோ, 'இருக்கட்டும், பிறகு பார்ப்பம்' என்றோ முடிவு கூறுபவர் பெரும்பாலும் அவரே. 'பிறகு' என்பதற்குட் கழியும் மூன்று வாரமும் அப்பெண் பரணிலிருந்து பழைய திருவலையை இறக்கி, முழங்கால் நோவோடு நிலத்திலிருந்து திருவுகின்றாள். பழுது பார்த்தலிலுள்ள முதற் கடன் கருவிக்குச் செலுத்தப்படுவதன்று. கருவியின்றி உழலும் கைக்குச் செலுத்தப்படுவது. பொருள்களிடத்து அன்பு கொள்ளவேண்டும் என உபதேசிப்போர் இதனைப் பெரிதும் மறந்துவிடுகின்றனர்.

அந்நெம்பைத் திருத்துவது எவ்வாறு என்பதையும் சிறிது விரித்துக் கூறுதல் தகும். பிளாஸ்ரிக் என்னும் ஒரே பெயர் பல பொருள்களைக் குறிக்கின்றது. பேக்லண்ட் என்பார் 1907 இல் உருவாக்கிய பேக்கலைற்றும் அதன் இனத்தவையும் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகா. தீயிற் காட்டினாற் கருகும். அழுத்தச் சமையற்கலங்களின் கரிய பிடிகள் பல அவ்வினத்தவை. பொலிப்புரொப்பிலீன், பொலித்தீன் ஆகியவை சூட்டினால் இளகி, ஆறினால் மீண்டும் இறுகும். இவற்றாலாகிய துண்டு நீரிலே மிதக்கும். இவ்விரண்டின்மேலும் சுப்பர் குளூ ஒட்டாது. ஒட்டியதுபோற் காட்டி, முதற் சுமையிலேயே விட்டுவிடும். அவற்றைச் சூடாக்கிய கம்பியினால் உருக்கி இணைத்தலே முறை. ஏ.பீ.எஸ். எனப்படும் வன்மையான பிளாஸ்ரிக்கோ நீரில் அமிழும், பசையை ஏற்கும். அதன் பிளவிலே சுப்பர் குளூவை இட்டு, மேலே அப்பச்சோடாவைத் தூவினால் அது அக்கணமே கல்லாய் இறுகிக் குழியை நிரப்பும். இத்தனையும் அறியாது எல்லாவற்றுக்கும் ஒரே பசையைத் தடவுபவர், நோயாளியைப் பாராது மருந்து கொடுப்பவரை ஒப்பர்.

ஆயினும் நெம்பின் துளை சுமை தாங்கும் இடம். பசை மட்டும் அங்கு நிலையாது. கைதேர்ந்தவர் முதலிற் பிளவு முடியும் நுனியைத் தேடுவர். சைக்கிள் கம்பியொன்றைக் காய்ச்சி அந்நுனியிலே சிறு துளையிடுவர். உடைந்த இடத்திலே மேலும் ஒரு துளையா எனப் பார்ப்போர் வியப்பர். பிளவின் கூரிய நுனியிலே குவியும் விசை, வட்டத் துளையை அடைந்ததும் பரவி அடங்குகின்றது. பிளவு மேலே ஓடுவதில்லை. விமானத் தகடுகளிலும் பொறியியலாளர் கையாளும் முறை இது. அதன்பின் இருபுறமும் மெல்லிய தகரத் துண்டுகளை வைத்து, சிறிய நட்டும் போல்ற்றும் கொண்டு இறுக்குவர். அரைமணி நேர வேலை. நெம்பு பழைய அழகோடிராது. தகரமும் போல்ற்றின் தலையும் வெளியே தெரியும். ஆனாற் கிண்ணம் மேசையைப் பற்றும்.

இத்தகைய கைத்திறனை யாழ்ப்பாணத்தவர் தமது பிறவிக் குணமாகவே பேசிக்கொள்வர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1970 முதல் 1977 வரை ஆட்சிபுரிந்த அரசு இறக்குமதியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. குடாநாட்டு விவசாயி மிளகாயாலும் வெங்காயத்தாலும் நல்ல வருவாய் கண்டான். அதேவேளை உதிரிப்பாகத்துக்குப் பட்டறைகளை நாடி அலைந்தான். 1977 இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் கடைகளை நிறைத்தது. பிளாஸ்ரிக் வாளியும் கூடையும் கதிரையும் வீடுகளிற் பெருகின. பழுதானவை வேலியோரத்துக்குச் சென்றன. அதே மக்கள்தாம். கைகள் மாறவில்லை, கடை மாறியது.

பின்னர் 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் முதலிய பலவும் தடை செய்யப்பட்டன அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. அவ்வைந்தாண்டுக் காலத்துக் கதைகளைக் கேளாது வளர்ந்த பிள்ளை இங்கு இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவின் மின்னில் வானொலி செய்தி கூறியது. ஜாம் போத்தலின் அடியிலே மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து, நூல் திரியேற்றி, அவ்வொளியிற் பரீட்சைக்குப் படித்தனர். மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு பிளாஸ்ரிக் வாளியின் காது உடைந்தால், ஆணியைக் காய்ச்சித் துளையிட்டுக் கம்பியாற் பிணைத்தனர். அதுவும் அறுந்தால் வாளியைப் பூச்சாடியாக்கினர். எறிதல் என்னும் வினை அன்றைய பேச்சுவழக்கிலிருந்தே மறைந்துபோயிற்று என்றாலும் பொருந்தும்.

இவற்றைப் பெருமிதத்தோடு நினைவுகூர்வோர் பலர். 'அந்தக் காலத்துச் சனம் எதையும் வீணாக்கவில்லை' என்று இக்காலப் பிள்ளைகளுக்குக் கூறப்படுகின்றது. இங்குதான் மெய்யியல் வினா தோன்றுகின்றது. எறிவதற்கு வழியில்லாதவன் எறியாதிருப்பது அறமாகுமா? அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் புத்தகத்திற் புயலில் அகப்பட்ட கப்பலை எடுத்துக்காட்டுகின்றார். கப்பலைக் காப்பதற்காகச் சரக்கைக் கடலில் எறிகின்றனர். எவனும் தன் பொருளை வேண்டுமென்று எறிவதில்லை. ஆயினும் அந்நிலையில் அறிவுடையோர் யாவரும் எறிவர். இத்தகைய செயல்களை விருப்பும் கட்டாயமும் கலந்தவையென அவர் கொள்கின்றார். யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது அதன் மறுதலை. புயலிலே எதனையும் எறியாது பற்றிக்கொண்டனர். கட்டாயத்தினால் எறிந்தவன் ஊதாரியல்லன் என்றால், கட்டாயத்தினாற் காத்தவனைச் சிக்கனமுடையோன் எனப் புகழ்வதும் பொருந்தாது. நற்செயல் நற்குணத்திலிருந்து பிறந்ததாயின், செய்பவன் அறிந்தும், அதனையே தெரிந்தெடுத்தும், உறுதியான மனநிலையில் நின்றும் செய்தல் வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். 2002 இற் கண்டி வீதி திறந்து கடைகள் மீண்டும் நிறைந்தபோது அக்குணம் எத்துணை நிலைத்தது என்பதை வீட்டுக்கு வீடு எழுந்த குப்பைமேடுகளைக் கொண்டு கணிக்கலாம்.

புகழ்ச்சியில் இன்னொரு கேடும் மறைந்துள்ளது. நெருக்கடியிலே பிறந்த திறமையைப் பாடப் பாட, நெருக்கடியை விதித்தவர்களின் பொறுப்பு மெல்ல மெல்லப் பின்னணிக்குச் செல்கின்றது. ஜாம் போத்தல் விளக்கு புத்திசாலித்தனத்தின் சின்னமாகின்றது. அதன் ஒளியிலே கண் கெட்ட சிறுவன் கதையிலிருந்து விலகுகின்றான். வானொலிக்கு டைனமோ மாற்றாயிற்று. கிடைக்காத மருந்துக்கு எந்தப் பட்டறையில் மாற்று வார்க்க முடிந்தது? பழுது பார்த்தலுக்கு ஓர் எல்லை உண்டென்பதை அவ்வாண்டுகளின் மருத்துவமனைகளே அறியும்.

செப்பனிட்ட பொருள் பிறருக்குத் தீங்காகாதிருத்தலும் ஒரு கடனாகும். போத்தல் விளக்கு கவிழ்ந்தால் எண்ணெய் சிந்தி ஆடையிற் பற்றும். இலங்கை முழுவதிலும் வறிய வீடுகளில், சிறப்பாகப் பெண்களும் குழந்தைகளும், இவ்வாறு எரிகாயமடைந்தனர். சத்திரசிகிச்சை நிபுணராகிய விஜய கொடகும்புர இவர்களுக்குச் சிகிச்சை செய்வதோடு நின்றுவிடவில்லை. குட்டையாய், கனத்ததாய் உள்ள மார்மைற் போத்தலின் வடிவத்தைப் பார்த்து, எளிதிற் கவிழாததும், கவிழ்ந்தாலும் உருளாததும், திருகு மூடி கொண்டதுமான மலிவான விளக்கொன்றை 1990களில் அவர் உருவாக்கினார். 1998 இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. இருப்பதைக் கொண்டு சமாளிப்பதற்கும், சமாளிக்கும் கைக்கு ஆபத்து வராமற் செய்வதற்கும் இடையிலுள்ள தூரம் இதனாற் புலனாகும். முன்னையது கெட்டித்தனம். பின்னையதில்தான் அறம் தொடங்குகின்றது.

கைத்தொழிலுக்கு இச்சமூகம் அளித்த மதிப்பையும் மறைத்தலாகாது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது இம்மண்ணின் பழமொழி. எழுதுவினைஞர் பதவிக்கு இருந்த மதிப்பு கொல்லனுக்கும் தச்சனுக்கும் இருந்ததில்லை. அவர்களின் கையிலே மண்வெட்டியைக் கொடுத்தவர், அவர்களைத் தம் திண்ணையில் அமரவிடவில்லை. 1990 இன் பின்னர் பட்டதாரிகள் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளைத் திருத்துவிக்கப் பட்டறை வாசலிற் காத்துநின்றனர். அம்மாற்றம் நிலைத்ததென்று கூறுவதற்கில்லை.

அதனினும் கசப்பான செய்தி ஒன்றுண்டு. இரும்பு, கடுஞ்சாமான், உதிரிப்பாகம், தையல் ஆகிய தொழில்களில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் பலர் ஈடுபட்டிருந்தனர். போல்ற்றும் நட்டும் தேடுவோர் தலைமுறை தலைமுறையாக நாடிச் சென்ற கடைகளுட் பல அவர்களுடையவை. 1990 ஒக்ரோபர் 30 ஆம் நாள், தமிழீழ விடுதலைப் புலிகள் அவர்களை இரண்டு மணி நேர அவகாசத்திற் குடாநாட்டை விட்டு வெளியேற்றினர். உடைமைகளை விட்டு, மிகச் சொற்பமான பணத்தோடு அவர்கள் சென்றனர். எதனையும் எறியாத சனம் என்று தம்மைப் பாராட்டிக்கொள்ளும் ஒரு சமூகத்தின் நடுவே, உடைந்த வாளிக்குக் காது பொருத்திய அதே மாதங்களில், அயலவர் எறியப்பட்டனர். அதனைத் தடுக்கும் வலிமை சாதாரண மக்களுக்கு இருந்ததா என்பது வேறு வினா. ஆனால் முற்றுகைக்காலப் பெருமையைக் கூறும்போது இவ்வெளியேற்றத்தையும் சேர்த்துக் கூறாதவர் வரலாற்றின் ஒரு பாதியையே திருத்தி வைக்கின்றார்.

சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாளிரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலே நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய் - கைதடி வீதியையும் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். கம்பியாற் பிணைத்த வாளிகளும் ஒட்டுப்போட்ட வானொலிகளும் வீடுகளிற் கிடந்தன. சைக்கிளிற் கட்டக்கூடியவை மட்டும் உடன் வந்தன. எதனைக் கட்டுவது என அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் எடுக்கப்பட்ட முடிவுகள், பொருளின் பெறுமதியைப் பற்றி எந்த நூலும் கூறாதவற்றைக் கூறுவன. விலையுயர்ந்தவை விடப்பட்டன, கேத்திலும் பாயும் உறுதிப்பத்திரமும் ஏற்றப்பட்டன.

இனி, பொருளியலாளரின் தடையைக் கருதலாம். அரைமணி நேரம் செலவிட்டு ஒரு நெம்பைத் திருத்துபவர் அந்நேரத்தில் வேறு தொழில் செய்தால் அதனினும் மிகுதியாக ஈட்டுவார். புதியது வாங்கினால் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் வாழ்வுண்டு. ஆகவே எறிதலே சமூகத்துக்கு நன்று என்பது அவரது வாதம். இக்கணக்கில் ஒரு செலவு விடுபட்டுள்ளது. எறிதல் என்று ஒரு செயலே உண்மையில் இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுதலே உண்டு. இக்குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மெல்லிய மண்ணுக்குக் கீழே மயோசின் காலச் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே குடிநீர். மேலே விடப்படுவது கீழே ஊறும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் விவாதமானபோது, ஒரு வளவின் நீர் அயல் வளவின் நீரும் என்பதை எல்லோரும் கண்டனர். யாழ். மாநகரின் குப்பை நெடுங்காலம் கொட்டப்பட்டதோ கல்லுண்டாய்வெளியில். அங்கு காற்றோடு வரும் புகையைச் சுவாசிப்பவர் நெம்பை உடைத்தவருமல்லர், புதியது வாங்கியவருமல்லர். வாங்குபவர் மிச்சம்பிடித்த அரைமணி நேரத்துக்கான விலையை அவர் செலுத்துகின்றார்.

இவ்வாறு நோக்கின், கடன் வீட்டாரோடு நின்றுவிடுவதில்லை. திருத்த முடியாதவாறு வார்த்தவனுக்கும் அதிற் பங்குண்டு. பிரான்சு நாடு 2021 முதற் சில மின்பொருள்கள் எவ்வளவு எளிதிற் பழுது பார்க்கத்தக்கவை என்பதற்குப் புள்ளியிட்டு அதனை விற்பனையின்போது காட்டவேண்டுமென விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இற் பழுது பார்த்தலை ஊக்குவிக்கும் பணிப்புரையொன்றை நிறைவேற்றி, சலவைப் பொறி, குளிர்சாதனப் பெட்டி, தொலைபேசி முதலியவற்றைத் திருத்திக் கொடுக்கும் கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்தியது. தேங்காய் திருவும் பொறி அவர்களின் பட்டியலில் இல்லை. அவர்களுக்குச் சொதி தெரியாது. ஆயினும் அடிப்படை நன்று. பழைய திருவலையில் ஆப்புக்கு விட்ட இடைவெளியைச் சட்டத்தினால் மீட்கும் முயற்சி அது. இலங்கையிலோ 2022 இன் பொருளாதார வீழ்ச்சியே மக்களை மீண்டும் பட்டறைகளுக்கு அனுப்பியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ எழுபது வீதத்தைத் தொட்டது. பல பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. கூரையிலே தொங்கிய பழைய மின்விசிறிகளும், பரணிலிருந்த அரைபொறிகளும் கீழே இறங்கின. மீண்டும் கட்டாயம், மீண்டும் கைத்திறன்.

எனவே கட்டாயத்தினாற் கற்றது வீண்தானா? அவ்வாறும் கூறிவிட முடியாது. ஒழுக்கம் பழக்கத்தினால் வருவது, வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞனாகின்றான் என்று கூறியவரும் அரிஸ்ரோட்டிலே. முதற் பழக்கம் பெரும்பாலும் விரும்பி வருவதில்லை; பிள்ளைகளின் கல்வியைப் பார்த்தால் இது விளங்கும். கட்டாயத்திற் பழகிய கை, கட்டாயம் நீங்கியபின் என்ன செய்கின்றது என்பதே உரைகல். கடையிற் புதியது கிடைக்கும் நாளில், வாங்கப் பணமும் உள்ள வீட்டில், ஒருவர் நெம்பை வெளிச்சத்திற் பிடித்துப் பிளவின் நுனியைத் தேடுவாராயின், அது முற்றுகையின் எச்சமன்று. அவர் தெரிந்தெடுத்த செயல். மாறாக, பேக்கலைற் பிடி பிளந்த அழுத்தக்கலத்தைக் கம்பியாற் சுற்றித் தன் மருமகளிடம் கொடுப்பவர் எவ்வளவு சிக்கனக்காரராயினும் கடன் தீர்த்தவரல்லர். அதனைத் தயங்காது கைவிடுதலே அவ்விடத்தில் அவர் செய்யத்தக்கது.

திருத்தப்பட்ட நெம்பிலே போல்ற்றின் தலை விரலை உறுத்தும். அதனை அரத்தினால் அராவி மழுக்கவேண்டும். அல்லது பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி அதன்மேல் இழுத்து மாட்டவேண்டும். பட்டறைக்காரர் பலர் இவ்வேலையைச் செய்யாது விட்டுவிடுவர். நெம்பு பிடித்தாற் போதும் என்பது அவர்கள் எண்ணம். நாள்தோறும் அதனை அழுத்துபவரே ரியூப் துண்டைக் கேட்பார்.